டிவி கேம்: எந்த இயந்திரம், எந்த அடப்டர், எந்தக் கசெட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்து ஹட்டனில் வானொலி, டிவி பழுதுபார்க்கும் மேசை என்னுடையது. வாரத்துக்கு ஒருவராவது பழைய டிவி கேம் ஒன்றைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறார். மஸ்கெலியாவிலிருந்து வந்தவர் அப்பா வாங்கியது என்பார். பொகவந்தலாவையிலிருந்து வந்தவர், அம்மா குவைத்தில் வேலை முடித்துத் திரும்பும்போது கொண்டுவந்தது என்பார். பிரித்துப் பார்த்தால் பலவற்றில் பழுதே இருக்காது. பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பிப் பொருந்தாத அடப்டரையோ கசெட்டையோ மாட்டியிருப்பார்கள். நாள்தோறும் வாயால் சொல்லும் பதில்களை ஒருமுறை எழுதிவிட்டால் என் தொண்டை பிழைக்கும்.

கையில் பிடித்து அழுத்தும் கருவியை நாங்கள் ஜாய்ஸ்டிக் என்று சொல்லித்தான் வளர்ந்தோம். அதில் குச்சி எதுவும் இல்லை என்று அன்று யாரும் கேட்கவில்லை. கார்ட்ரிஜ் எங்களுக்குக் கசெட். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

பெட்டியில் நிண்டெண்டோ என்று இருக்கிறது. உண்மையானதுதானா?

பெரும்பாலும் இல்லை. நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென் விலைக்கு வெளியிட்டது ஃபேமிகாம். வெள்ளை உடல், அரக்குச் சிவப்பு ஓரம். அதையே 1985இல் சாம்பல் நிறப் பெட்டியாக உருமாற்றி, என்இஎஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். நம் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் இரண்டுமில்லை. தாய்வானிலும் பின்னர் சீனாவிலும் செய்த நகல்கள். தாய்வானின் மைக்ரோ ஜீனியஸ் ஐக்யூ-501 அவற்றில் பேர்பெற்றது. என் கருத்தில் அது நகல்களில் ஒரு கனவான். முழுச் சில்லுகளோடு, பிரித்தால் மனம் குளிரும்படி செய்திருப்பார்கள். பிற்காலத்தில் வந்தவை ப்ளேஸ்டேஷன் உருவத்தில் இருக்கும். மூடியைத் திறந்தால் இறுவட்டுக்குப் பதில் கசெட் செருகும் பள்ளம் சிரிக்கும்.

அடையாளம் காணப் பெயரைப் பார்க்காதீர்கள், ஜாய்ஸ்டிக்கைப் பாருங்கள். அசல் ஃபேமிகாமில் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் உடலோடு வயரால் பிணைந்தவை, கழற்ற முடியாது. இரண்டாவதில் ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு ஒலிவாங்கியும் அதன் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியும் இருக்கும். ஜப்பானிய ஸெல்டா விளையாட்டில் பெரிய காது கொண்ட ஓர் அரக்கனை அந்த ஒலிவாங்கியில் கத்தியே கொல்லலாம். நகல்களில் அது கிடையாது. ஜாய்ஸ்டிக் 9 ஊசிச் செருகியோடு கழன்று வந்தால், ஏ, பி பொத்தான்களுக்கு மேல் டர்போ பொத்தான்களும் இருந்தால், உங்களிடம் இருப்பது நகல். வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் அதில்தான் விளையாடினேன்.

அசலிலேயே எத்தனை வகை?

முதல் தொகுதி ஃபேமிகாமில் ஏ, பி பொத்தான்கள் சதுர ரப்பர். அழுத்தினால் ஓரத்தில் சிக்கிக்கொண்டு எழாது. அதனால் வட்டப் பிளாஸ்டிக்காக மாற்றினார்கள். சதுரப் பொத்தான் இயந்திரம் கையில் இருந்தால் விற்க அவசரப்படாதீர்கள். 1986இல் ஷார்ப் நிறுவனம் ட்வின் ஃபேமிகாம் என்று, வட்டு இயக்கியையும் உள்ளே வைத்த ஒன்றைச் செய்தது. அதற்கு முன்பே, 1983இல், ஃபேமிகாமை வயிற்றில் வைத்த டிவி ஒன்றையும் ஷார்ப் விற்றது. 1993 டிசம்பரில் வந்தது ஏவி ஃபேமிகாம்: வட்டமான உடல், கழற்றக்கூடிய ஜாய்ஸ்டிக், முக்கியமாக நேரடிப் பட வெளியீடு. வாங்குவதென்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

அமெரிக்கச் சாம்பல் பெட்டியில் கசெட்டை முன்பக்கமாக உள்ளே தள்ளிக் கீழே அமுக்க வேண்டும். அந்த அமுக்கலில் 72 ஊசி இணைப்பி நாளடைவில் தளர்ந்துவிடும். தளர்ந்ததும் உள்ளே இருக்கும் பூட்டுச் சில்லு கசெட்டை அடையாளம் காணாமல் இயந்திரத்தை விநாடிக்கு ஒருமுறை அணைத்து எழுப்பும். சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருப்பதன் காரணம் அதுதான். 1993இல் வந்த மேல்செருகல் மாதிரியில் அந்தச் சில்லு கிடையாது.

அண்ணா, ஜப்பானிலிருந்து அசல் ஃபேமிகாம் வந்தது. வீட்டு டிவியில் எந்த அலைவரிசையிலும் பிடிபடவில்லை. மாமா வீட்டு டிவியில் படம் வந்தது. ஆனால் உருளுகிறது, நிறமில்லை, சத்தமும் இல்லை. பழுதா தம்பியின் அதிர்ஷ்டமா?

இரண்டுமில்லை, தம்பி. அந்த இயந்திரம் ஜப்பானிய டிவியோடு பேசப் பிறந்தது. நம் டிவிக்கு அந்தப் பாஷை புரியவில்லை.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஃபேமிகாமின் பின்புறத்தில் ஆர்எஃப் வெளியீடு, அதாவது டிவியின் அன்டெனாத் துளைக்குப் போகும் வெளியீடு மட்டும்தான் உண்டு. அது ஜப்பானின் 1ஆம் அல்லது 2ஆம் அலைவரிசையில், அதாவது 91.25 அல்லது 97.25 மெகாஹெர்ட்ஸில் படத்தை அனுப்பும். நம் பழைய டிவிகள் 47 முதல் 68 வரையும், பிறகு 174 முதல் 230 வரையும் தேடும். நடுவில் உள்ள இடத்தை அவை எட்டிப் பார்ப்பதே இல்லை. உன் வீட்டு டிவியில் எதுவும் கிடைக்காதது அதனால். மாமா வீட்டு டிவி சற்றுப் புதியதாக, இடைவெளியில்லாமல் தேடுவதாக இருக்க வேண்டும்.

அதிலும் படம் மட்டும் வந்து சத்தம் வராது. ஜப்பானில் படத்துக்கும் ஒலிக்கும் இடையே 4.5 மெகாஹெர்ட்ஸ் தூரம், இலங்கையில் 5.5. டிவி தவறான கதவைத் தட்டுகிறது. நிறம் போனது, அவர்களுடைய டிவி முறையான என்டிஎஸ்சியின் நிறக்குறி 3.58 மெகாஹெர்ட்ஸிலும் நம் முறையான பிஏஎல்லின் நிறக்குறி 4.43இலும் இருப்பதால். உருளுவது, அங்கே விநாடிக்கு 60 முறை, இங்கே 50 முறை என்பதால்.

நம்ப முடியவில்லை என்றால் ஒரு வேடிக்கை செய்து பார். அலைவரிசைச் சுவிட்சை 1இல் வைத்து, ஆர்எஃப் வயரின் நுனியை ஓர் எஃப்எம் ரேடியோவின் ஏரியலுக்கு அருகே கொண்டுபோ. ரேடியோவை 95.75க்குத் திருப்பு. விளையாட்டின் இசை ரேடியோவில் பாடும். கடைக்கு வந்தவர்களுக்கு இதைச் செய்து காட்டி ஒரு தேநீர் சம்பாதித்திருக்கிறேன்.

தீர்வு: படத்தை வயரில் நேரே கொடுக்கும் ஏவி வெளியீடு சேர்ப்பது. பட்டறிவுள்ள ஒருவர் படச் சில்லின் 21ஆம் ஊசியிலிருந்து குறியை எடுத்து, ஒரு டிரான்சிஸ்டரால் வலுவூட்டி மஞ்சள் துளைக்குக் கொடுப்பார். அதன் பிறகு என்டிஎஸ்சி ஏற்கும் பன்முறை டிவியாக இருந்தால் போதும். தொண்ணூறுகளில் வந்த டிவிகளில் அந்த வசதி கொண்டவை நிறைய. டிவியின் பின்புற அட்டையில் எழுதியிருக்கும்.

வளைகுடாவிலிருந்து வந்த நகல்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. குவைத்திலும் நம்மைப் போலவே பிஏஎல் முறைதான். டிவியின் முன்மூடிக்குள் இருக்கும் சிறு சக்கரத்தை விஎச்எஃப் கீழ்ப்பட்டையில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருப்பினால் போதும்.

எந்த அடப்டர் போடலாம்? முனை பொருந்துகிறதே?

முனை பொருந்துவதுதான் ஆபத்து. இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

அசல் ஃபேமிகாம் அடப்டர் ஜப்பானின் 100 வோல்ட்டுக்கானது. நம் 230இல் செருகினால் சில விநாடிகளில் மணம் வரும், பிறகு புகை. அதன் வெளியீடு 10 வோல்ட் நேர்மின்சாரம், 850 மில்லி ஆம்பியர், நடு முனை எதிர்மறை. நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான அடப்டர்களில் நடு முனை நேர்மறை. அப்படியே மாட்டினால் தலைகீழ். ஜப்பானிய சூப்பர் ஃபேமிகாமுக்கும் ஏவி ஃபேமிகாமுக்கும் இதே அடப்டர்தான்.

என்இஎஸ் அடப்டரோ மாறுதிசை மின்சாரம் தருவது: 9 வோல்ட், 1.3 ஆம்பியர். அந்தப் பெட்டிக்குள் அதை நேராக்கும் டையோடுகள் இருப்பதால் அது இரண்டு வகை மின்சாரத்தையும் தாங்கும். நேர்மின் அடப்டரை எப்படித் திருப்பிப் போட்டாலும் எழும். ஃபேமிகாமில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே என்இஎஸ் அடப்டரை ஃபேமிகாமில் போடவே கூடாது. பெயரில் இரண்டும் ஒரே குடும்பம்தான். அண்ணன் சட்டை தம்பிக்குப் பொருந்த வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

நகல்களுக்குப் பெரும்பாலும் 9 வோல்ட் நேர்மின்சாரம். நடு முனை எது என்பதில் ஒழுங்கே இல்லை. செய்த தொழிற்சாலையின் மனநிலையைப் பொறுத்தது. அடியில் வட்டமும் புள்ளியுமாக ஒரு படம் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் பழைய அடப்டரை மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். பதின்மூன்று வயதில் நான் அப்படிப் பார்க்கவில்லை. வானொலியின் அடப்டரை எடுத்து அண்ணனின் கேமில் மாட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. வெங்காயம் கருகுவது போல ஒரு மணம் மட்டும். அந்த மணத்தால்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று அண்ணன் இன்றும் சொல்வார்.

12 வோல்ட் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: உள்ளே 7805 என்ற சீராக்கி 5 வோல்ட் மட்டும் வைத்துக்கொண்டு மீதி ஏழையும் சூடாகக் கழிக்கும். ஓடும். ஆனால் சீராக்கியின் தகட்டில் ரொட்டி சுடலாம்.

மாலை ஆறு மணிக்கு மேல் கேம் தானாகவே மறுபடி தொடங்குகிறது. பகலில் நன்றாக ஓடுகிறது.

லயத்தின் கடைசி வீடா? மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி, கேத்தல் ஏறும்போது வரிசையின் கடைசியில் மின்னழுத்தம் இறங்கும். கனமான பழைய அடப்டருக்குள் இருப்பது வெறும் மின்மாற்றி. உள்ளே குறைந்தால் வெளியேயும் அதே விகிதத்தில் குறையும். 7805 சீராக ஓட உள்ளே ஏறத்தாழ 7 வோல்ட்டாவது வேண்டும். அதற்குக் கீழே போனதும் விளையாட்டு விழுந்து எழும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் இலேசான நவீன அடப்டர் ஒன்றை, நடு முனையைச் சரிபார்த்து மாட்டுங்கள். இதற்காக இயந்திரத்தைப் பிரிக்க வேண்டாம்.

கசெட் உள்ளே போகவில்லை.

ஊசிகளை எண்ணுங்கள். ஃபேமிகாமும் நம் நகல்களும் 60 ஊசி: பக்கத்துக்கு 30. என்இஎஸ் 72: பக்கத்துக்கு 36. இடையில் மாற்றுத் துண்டு ஒன்று வாங்கினால் இரண்டும் ஒன்றில் ஓடும். ஒரு நுணுக்கம் உண்டு. ஃபேமிகாம் கசெட் தன் சொந்த ஒலியையும் இயந்திரத்தின் ஒலியோடு கலக்க இரண்டு ஊசிகள் இருந்தன. என்இஎஸ்ஸில் அவற்றை எடுத்துவிட்டார்கள். ஆகவே கசெட்டுக்குள் கூடுதல் ஒலிச் சில்லு கொண்ட ஜப்பானிய விளையாட்டுகளின் இசை அமெரிக்கப் பெட்டியில் மெலிந்துவிடும்.

9999999 விளையாட்டு என்று எழுதிய கசெட்டில் உண்மையில் எத்தனை?

சில பத்து இருக்கும். மீதியெல்லாம் அதே விளையாட்டுகள், வேறு கட்டத்தில் தொடங்குவதாகவோ வேறு பெயரிலோ. அந்தப் பட்டியலை முழுதும் உருட்டி முடித்த யாரையும் நான் சந்தித்ததில்லை.

கசெட்டை ஊதினால் ஓடுகிறதே, ஊதலாமா?

ஊதியதால் ஓடவில்லை, கழற்றி மறுபடி செருகியதால் ஓடியது. மூச்சில் ஈரம் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு நுவரெலியாவில் வாயைத் திறந்தால் அந்த ஈரம் கண்ணுக்கே தெரியும். அதைச் செம்பு விளிம்பில் ஏன் பூசுகிறீர்கள்? மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் நனைத்து ஊசிகளைத் துடையுங்கள். முதல் குச்சி கறுப்பாக வரும், இரண்டாவது பழுப்பாக, மூன்றாவது வெள்ளையாக. அதன் பிறகு செருகுங்கள்.

துப்பாக்கி புதிய டிவியில் வேலை செய்யவில்லை.

செய்யாது. துப்பாக்கி எதையும் சுடுவதில்லை. அது ஒரு கண். விசையை இழுத்ததும் வாத்து சுடும் விளையாட்டு திரையை ஒரு கணம் முழுக் கறுப்பாக்கும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் போடும். குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்தால் வாத்து விழுந்தது. குழாய் டிவியில் இது அந்தந்தக் கணத்திலேயே நடக்கும். தட்டை டிவி படத்தைச் செரித்துக் காட்டுவதற்குள் விளையாட்டு தன் கணக்கை முடித்துவிடும். அசல் துப்பாக்கி, குழாய் டிவியின் கோடுகள் எழுதப்படும் துடிப்பையும் எதிர்பார்க்கும். தட்டைத் திரையில் அந்தத் துடிப்பே இல்லை.

துப்பாக்கியைக் குண்டு பல்புக்கு நேரே காட்டி ஏமாற்றலாம் என்று லயத்தில் ஒரு வதந்தி இருந்தது. ஒரு விடுமுறை முழுக்கச் சுட்டோம். எடுபடவில்லை. அந்தக் கறுப்புக் கணம் எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் என்று பின்னால் தெரிந்தது: இருட்டாக இருக்க வேண்டிய நேரத்தில் வெளிச்சம் தெரிந்தால் அது தவறிய குண்டு.

ஜாய்ஸ்டிக்கில் ஒரு பொத்தானை நகம் வலிக்க அழுத்த வேண்டியிருக்கிறது.

உள்ளே ரப்பரின் அடியில் கறுப்புக் கரிப் பொட்டு இருக்கும். அது தேய்ந்திருக்கும், அல்லது பிசுக்கு ஏறியிருக்கும். முதலில் ஆல்கஹாலால் துடையுங்கள். போதாவிட்டால் மென்மையான பென்சிலைப் பொட்டின் மேல் தேய்த்தால் சில வாரம் தாங்கும். புதிய ரப்பர் போடுவதுதான் நிலையான வழி. சேகா என்ற வேறு நிறுவனத்து ஜாய்ஸ்டிக்கின் 9 ஊசிச் செருகி நகலில் அழகாகப் பொருந்தும். ஆனால் உள்ளிணைப்பு வேறு. மாட்டாதீர்கள்.

வட்டு இயக்கி, விசைப்பலகை எல்லாம் இருந்ததாமே?

இருந்தன. வட்டு இயக்கி 1986 பிப்ரவரி 21இல் 15,000 யென்னுக்கு வந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 112 கிலோபைட் கொள்ளும் சிறு மஞ்சள் வட்டு. அன்று ஜப்பானியக் கடைகளில் 500 யென் கொடுத்துப் புது விளையாட்டை அதில் எழுதி வாங்க முடிந்தது. நம் ஊருக்கு இது ஆகாது என்பது என் துணிபு. உள்ளே இருக்கும் ரப்பர் பட்டி வயதானால் தார் போல உருகி ஒட்டிக்கொள்கிறது. மஞ்சள் வட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூடியும் இல்லை. ஈரமும் தூசும் நேரே காந்தப் பரப்பில் படியும். விசைப்பலகை 1984இல் பேசிக் மொழி எழுத வந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைக்க அழகு.

பனி, மழை, இடி: எப்படிப் பாதுகாப்பது?

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா மணிப் பொட்டலங்கள். நீல மணி நிறம் மாறினால் வெயிலிலோ அடுப்படியிலோ காயவையுங்கள். தேயிலை ஈரத்தை இழுக்குமே, அதைப் போடலாமா என்று தலவாக்கலையிலிருந்து ஒருவர் கேட்டார். இழுக்கும், கூடவே தூளும் பள்ளத்துக்குள் இறங்கும். தேயிலையைக் குடியுங்கள்.

குளிர்ந்த இயந்திரத்தை நானுஓயாவில் இரயிலேற்றிக் கொழும்பில் இறக்கினால், அங்குள்ள புழுக்கத்தில் அது உள்ளே வியர்க்கும். பையைப் பிரிக்காமல் சில மணி நேரம் வைத்திருந்துவிட்டுப் பிறகு மின்சாரம் கொடுங்கள்.

சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடி வரும்போது சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இருக்காதீர்கள். ஆர்எஃப் பெட்டி வழியாகக் கூரை அன்டெனாவும் கேமும் ஒரே வயரில் இருக்கின்றன. அடப்டரையும் உருவுங்கள், அன்டெனா வயரையும் உருவுங்கள்.

சின்ன வயதில் விளையாடியதை விட இப்போது வேகமாக ஓடுவது போலிருக்கிறது. வயதாகிவிட்டதா?

வயதும்தான். ஆனால் இதில் உங்கள் கை மட்டும் குற்றவாளி இல்லை. நிண்டெண்டோ 2016 நவம்பரில் 30 விளையாட்டுகளோடு விட்ட சிறு பெட்டி எச்டிஎம்ஐயில், விநாடிக்கு 60 படம் என்ற அசல் வேகத்தில் ஓடுகிறது. நம் பிஏஎல் நகல்கள் பெரும்பாலும் விநாடிக்கு 50இல் ஓடின. 60க்கு எழுதிய விளையாட்டு 50இல் ஓடினால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். மரியோ நிதானமாகக் குதிப்பார், இசையும் நடை தளரும். ஐரோப்பிய என்இஎஸ்ஸில் சில்லின் துடிப்பும் 1.79இலிருந்து 1.66 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கியதால் சுருதியும் தாழ்ந்தது. நம் நகல்களில் துடிப்பு 1.77, ஆகவே சுருதி ஏறத்தாழ அப்படியே, தாளம் மட்டும் மெல்ல. கான்ட்ரா விளையாட்டை மூன்று உயிரில் முடித்ததாக மார்தட்டும் என் தலைமுறைக்கு இது தெரியாமல் இருப்பதே நல்லது.

பழுதுபார்க்கக் கொண்டுவரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும்?

இயந்திரம், கடைசியாக ஓடிய கசெட் ஒன்று, இரண்டு ஜாய்ஸ்டிக்கும், கட்டாயம் அந்த அடப்டர். முன்பே பிரித்துப் பார்த்திருந்தால் பச்சைப் பலகையின் நடுவே கறுப்புத் தார்ப் பொட்டு ஒன்று இருந்ததா என்று சொல்லுங்கள். முழுக் கேமும் அந்தப் பொட்டுக்குள் இருக்கிறது. அது போனால் எவராலும் மீட்க முடியாது, பஸ் காசாவது மிச்சமாகும். ஆணிகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவாருங்கள். உள்ளே கரப்பான் இருந்தால் வீட்டிலேயே தட்டிவிட்டு வாருங்கள்.